பாறையைக் குடையும் சுழல்

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நண்பர்களோடு மேகேதாட்டு போகிறோம். பாறைக் குழிகளில் தண்ணீர் தெளிந்து நிற்பதை ரீல்ஸில் பார்த்தோம். நீச்சல் தெரிந்தவர்கள் இறங்கலாமா?"

வேண்டாம். அந்தக் குழி உண்டான விதத்தைப் பார்த்தாலே காரணம் புரியும்.

சங்கமத்தில் அர்க்காவதியைச் சேர்த்துக்கொள்ளும் காவிரி, சில கிலோமீட்டர் தள்ளி மேகேதாட்டு இடுக்குக்குள் நுழைகிறது. வெள்ளக் காலத்தில் பாறையின் சிறு பள்ளங்களில் நீர் சுழல்கிறது. சுழலில் ஒரு கூழாங்கல் மாட்டினால் போதும். வெளியேற வழியின்றிச் சுற்றிச் சுற்றி அடியைத் தேய்க்கும். ஆட்டுக்கல்லேதான். கூழாங்கல் குழவி, மணல் அரிசி, ஆட்டுகிற கை வெள்ளம். வீட்டில் அரிசி மட்டும் மாவாகும்; இங்கே குழவியும் கரையும், கல்லும் கரையும். குழவி தேய்ந்து தீர்ந்தால் அடுத்த வெள்ளம் புதிதாக ஒன்றைப் போடும். மாவை வழிப்பதும் ஆறுதான். இந்த ஆட்டல் பல ஆயிரம் ஆண்டுகளாக நடக்கிறது!

இப்படிக் குடைந்த குழி பலவும் வாய் குறுகி, வயிறு அகன்றிருக்கும். சுவர் மெருகேறி வழுக்கும்; விரல் பிடிக்க விளிம்பு கிடைக்காது. அருகருகே வளர்ந்த இரு குழிகள் அடியில் உடைந்து ஒன்றாவதும் உண்டு. அப்போது மேலே அசையாத நீருக்குக் கீழே இழுப்பு இருக்கும். ரீல்ஸில் இது தெரியாது.

 

இன்னொரு ஆபத்து, திடீர் நீர்வரத்து. அகன்ற ஆற்றில் கூடுதல் நீர் பரவும். இடுக்கில் பரவ இடமில்லை. உயரமும் வேகமும்தான் ஏறும். வேகம் இரட்டித்தால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே இது நடக்கலாம். மழை பெய்தது குடகிலாக இருக்கும்.

நாளிதழ்களில் வரும் பிலிகுண்டுலு நீர்வரத்துக் கணக்கு ஒகேனக்கல் போகிறவர்களுக்கு உதவும். ஆனால் அது மேகேதாட்டைத் தாண்டி வந்துவிட்ட நீரின் அளவு. மேகேதாட்டு போகிறவர்கள் கே.ஆர்.எஸ்., கபினி அணைகளின் நீர்த்திறப்பைப் பார்க்க வேண்டும். மேகேதாட்டில் நீர் கலங்கினாலோ, சருகு மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே மேட்டுக்கு ஏறுங்கள். செருப்பையும் செல்போனையும் எடுக்கத் திரும்பாதீர்கள். யாராவது விழுந்தால் பின்னால் குதிக்காமல் கயிறோ, மூடிய காலி கேனோ எறியுங்கள். குளிக்க ஆசையிருந்தால், தடை இல்லாத நாளில் ஒகேனக்கல்லில் அனுமதித்த இடத்தில் குளியுங்கள்.