பாக்குக்குள் செம்பு, தெரியுமா?

பெங்களூரு காக்ஸ் டவுன் கல்யாணங்களில் தாம்பூலப் பையைப் பிரித்ததும் முதலில் பாக்கைத் தேடுகிறவரா நீங்கள்? அந்தப் பாக்குக்குள் செம்பு இருக்கிறது, தெரியுமா? நாம் சாதாரணமாகத் தின்னும் பல கொட்டைகளில் இருப்பதைவிட அதிகமாகவே!

உடம்பு முழுவதையும் வழித்துச் சுரண்டினாலும் கிடைக்கும் செம்பு சுமார் 100 மில்லிகிராம்தான். ஒரு சிட்டிகை உப்புகூடத் தேறாது. ஆனால் அது இல்லாவிட்டால் ரத்தக்குழாய்க்கு உறுதி ஏது? கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதிக்குச் செம்பு இருந்தால்தான் வேலையே ஓடும்.

வினையும் அங்கேதான்! பாக்கை மென்றால் செம்பு எச்சிலில் இறங்குகிறது. கன்னத்துச் சதையில் அதே நொதி அளவுமீறி உழைக்கிறது. பாக்கிலுள்ள அரிகோலினும் கூட்டுச் சேர்கிறது (உண்மையில் பெரிய குற்றவாளி அதுதான், செம்பு உடந்தை). உள்கன்னம் நார்நாராகத் தடித்து இறுகி, கடைசியில் ஒரு கவளம் சோற்றுக்குக்கூட வாய் திறக்காது. சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்பார்கள் டாக்டர்கள். சிலருக்கு அது வாய்ப்புற்றாகவே மாறிவிடுகிறது. 1952-ல் இந்தக் கன்ன இறுக்கத்தை மருத்துவ உலகுக்குச் சொன்னவர் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர். அவர் பார்த்தது எங்கே தெரியுமா? கிழக்கு ஆப்பிரிக்காவில், ஐந்து இந்தியப் பெண்களிடம்!

“நான் புகையிலையே தொடுறதில்லை, வெறும் பாக்குதான்” என்கிறீர்களா? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெறும் பாக்கே புற்றை வரவழைக்கும் என்று 2004-லேயே சொல்லிவிட்டது.

இன்னும் கேளுங்கள். இந்தியாவில் பாக்கு அதிகம் விளைவது நம் கர்நாடகத்தில். 1910 வாக்கில் மலைநாட்டுத் தோப்புகளைக் கொளெரோகா என்ற காயழுகல் சூறையாடியபோது, மைசூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்த கனடாக்காரர் லெஸ்லி கோல்மன், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளிக்கச் சொன்னார். தோப்புகள் பிழைத்தன. மயில்துத்தம் என்பதே செம்பு உப்புதானே! பாக்கில் ஏறும் செம்பில் ஒரு பங்கு இந்தத் தெளிப்பிலிருந்து வருகிறதோ என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள்.

புற்று விஷயத்தில் செம்பு மட்டுமல்ல, வேறு தனிமங்களும் இப்படி ஏமாற்றும். செலினியம் மாத்திரை புற்றைத் தடுக்கும் என்று நம்பி அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களைச் சேர்த்துச் சோதித்துப் பார்த்தார்கள். பலனில்லை, 2008-ல் நிறுத்திவிட்டார்கள். ஆர்செனிக்கோ நேர்மாறு: பல வருஷம் குடிநீரில் சேர்ந்தால் தோலிலும் நுரையீரலிலும் புற்று, அதன் ட்ரையாக்சைடோ ஒருவகை ரத்தப்புற்றுக்கு நல்ல மருந்து!

சரி, பாக்குக்கே திரும்புவோம். வீட்டில் பாக்குப் போடும் சித்தப்பா, பெரியம்மா யாராவது இருந்தால், மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லையா? இந்த வாரமே பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.