கருஞ்சீரகமா, லீக்ஸ் விதையா?

கருஞ்சீரகத்தில் நிவாரணம் உண்டென்று நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. அதனால் நம் வீடுகள் பலவற்றில் சிறு போத்தல் ஒன்றிலேனும் இந்த விதை இருக்கும். ஆனால் போத்தலில் இருப்பது கருஞ்சீரகம்தானா என்று சகோதரிகளே, எப்போதாவது உற்றுப் பார்த்ததுண்டா?

பதுளை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துக் குடும்பங்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். இது மரக்கறி விளையும் பூமி. லீக்ஸ் விதையும் வெங்காய விதையும் கருஞ்சீரகத்தைப் போலவே கறுப்பானவை. அளவிலும் மூன்றும் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்தான். நடுகைக்கென விற்கும் விதையில் பங்கசு நாசினி பூசப்பட்டிருப்பதுண்டு. அது தவறிப்போய்த் தேனில் கலந்து பிள்ளையின் வாய்க்குப் போனால் என்னவாகும்?

கருஞ்சீரகம் நற்சீரகத்தின் இனமன்று. நூல்போன்ற இலைகளும் வெளிர்நீல அல்லது வெண்ணிறப் பூவும் கொண்ட வேறொரு செடியின் விதை அது. சிங்களத்தில் 'கலுதுரு' என்பர்.

எப்படி இனங்காண்பது?

வடிவம்: வெள்ளைத் தாளில் சில விதைகளைப் பரப்புங்கள். கருஞ்சீரகம் மூன்று அல்லது நான்கு விளிம்புகளுடன், ஒரு முனை ஒடுங்கியிருக்கும். லீக்ஸ், வெங்காய விதைகளில் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் புடைத்தும் இருக்கும்.

தோல்: கருஞ்சீரகம் பளபளப்பற்ற கறுப்பு, மேற்பரப்பு சொரசொரப்பானது. எள்ளாயின் தட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும்.

உள்ளே: கருஞ்சீரகத்தை நசுக்கினால் வெண்ணிறப் பருப்புத் தெரியும், தாளில் எண்ணெய்க் கறை படியும்.

மணம்: நசுக்கிய கருஞ்சீரகத்தில் காரமான நறுமணம் எழும். வெங்காய வாடை வந்தால் ஒதுக்கிவிடுங்கள். சந்தேகமுள்ள விதையை வாயிலிட்டுப் பார்க்க வேண்டாம்.

முளை: சந்தேகம் தீராவிட்டால் பத்து விதைகளை ஈரமண்ணில் போடுங்கள். ஓரிரு வாரங்களில் கருஞ்சீரகம் இரண்டு சிற்றிலைகளுடன் முளைக்கும். லீக்ஸும் வெங்காயமும் ஒருவித்திலைத் தாவரங்கள்; ஒற்றை இழையாக, மடிந்த ஊசிபோலத் தலைகாட்டும். பாடசாலை செல்லும் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள், பாடமும் ஆகும். வறுத்த விதையும் மிகப் பழைய விதையும் முளைக்கா என்பது நினைவிருக்கட்டும்.

புரியாணிக்கு வாங்கும் ஷாஹி சீரகத்தையும் சிலர் கருஞ்சீரகம் என்கின்றனர். அது மெலிந்து, வளைந்து, கோடுகளோடு பழுப்பாக இருக்கும், பார்த்தவுடனேயே பிரித்தறியலாம்.

இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என நிறமூட்டிய விதை கண்டிப்பாக உணவுக்கானதன்று. நிறமில்லை என்பதால் மட்டும் மருந்து பூசாதது என்றும் முடிவு செய்யாதீர்கள். நடுகை விதையை அதன் பைக்கற்றிலேயே, சமையலறைக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கருஞ்சீரகப் போத்தலில் பெயரை எழுதி ஒட்டுங்கள்.

விதை சரியானதே என்று உறுதியான பின்னும் அளவு முக்கியம். கர்ப்பிணிகளும், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தெடுப்போரும் வைத்தியரிடம் கேட்காமல் இதை மருந்தாக உட்கொள்ளலாகாது.