கொடியடுப்பு: உலகச் சண்டைகள் வட்டவளைக்கு வந்த வழி

கொடியடுப்பில் விறகு வைக்கும் வாய் ஒன்றுதான். பெரிய அடுப்பின் வாயில் விறகைச் செருகுவோம். அதன் மேல் சோற்றுப்பானை இருக்கும். அடுப்பின் உட்சுவரில் ஒரு துளை. பெரிய அடுப்பில் எரிவதன் அனல் அந்தத் துளை வழியே பக்கத்துச் சின்ன அடுப்புக்குப் போகும். அதுதான் கொடி. அங்கே பருப்போ வெந்நீரோ வைக்கலாம். ஆனால் கொடிக்கென்று விறகு வைக்க முடியாது. சோறு வடித்த கையோடு விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்துவிட்டால், கொடியிலிருக்கும் பருப்பு அரைவேக்காட்டில் நின்றுவிடும். அவசரத்துக்கு விறகை அள்ளித் திணித்தால் அனல் துளைக்குள் பாய்ந்து, கொடியில் இருப்பது அடிப்பிடித்துப் போகும்.

இருபதாம் நூற்றாண்டில் உலகம் மூன்று பெரிய நெருப்புகளைக் கண்டது: 1929இல் தொடங்கிய பொருளாதாரச் சரிவு, இரண்டாம் உலகப் போர், அதன் பிறகு அமெரிக்காவும் சோவியத் நாடும் நாற்பது ஆண்டுக்கு மேல் நடத்திய போட்டி. பள்ளிப் புத்தகத்தில் இவை நியூயார்க்கிலும் பெர்லினிலும் மாஸ்கோவிலும் நடக்கின்றன. வட்டவளையில் குண்டு விழுந்ததில்லை, படையும் இறங்கவில்லை. ஆனாலும் மூன்றும் இங்கே வந்தன. கொடிக்கு அனல் வரும் வழியில் வந்தன.

அந்தத் துளை எது என்று முதலில் பார்த்துவிடலாம். நாவலப்பிட்டிக்கும் ஹட்டனுக்கும் நடுவே, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் ரயில் பாதையில் இருக்கிறது வட்டவளை. இலங்கையில் அதிக மழை கொட்டும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். இந்த மழையில் கொழுந்து தளதளவென்று வரும், நெல் வராது. ஆகவே தேயிலைப் பெட்டிகள் கோச்சியில் ஏறிக் கொழும்புக்கு இறங்கின; அரிசியும் மாவும் அதே பாதையில் மேலே வந்தன. விளைவிப்பதைச் சாப்பிட முடியாது, சாப்பிடுவதை விளைவிக்க முடியாது. இப்படி அமைந்த ஊரில் இரண்டே இரண்டு விலைதான் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். ஒன்று வெளியூரில் தேயிலை விற்கும் விலை, மற்றது வெளியூரிலிருந்து வரும் அரிசியின் விலை. இரண்டையும் நிர்ணயிப்பவர்கள் தோட்டத்தில் இல்லை.

முதல் நெருப்பில் விறகு இழுக்கப்பட்டது. 1929க்குப் பிறகு தேயிலை வாங்குவோர் கையில் காசு குறைந்தது; விலை விழுந்தது. மற்றத் தொழிற்சாலையாக இருந்தால் இயந்திரத்தை நிறுத்தி வைக்கலாம். தேயிலைச் செடியை நிறுத்தி வைக்க முடியாது. அது கொழுந்து விட்டுக்கொண்டே இருக்கும். பங்குதாரரும் கடன்காரரும் லண்டனில் இருந்தார்கள். தோட்டத்துக் கணக்கில் துரை உடனே குறைக்கக்கூடியதாக இருந்தது ஒன்றுதான்: ஆள் கூலி. மலைநாட்டுத் தோட்டத்தில் ஆண் ஒருவருக்குச் சட்டப்படி நிர்ணயித்த நாட்கூலி 54 சதம். 1930களின் தொடக்கத்தில் அது 49 சதமாக இறங்கியது. வேலை நாட்கள் குறைந்தன, முழு நாள் கூலிக்கான முழுப்பேர் கிடைக்க வேண்டிய இடத்தில் அரைப்பேர் விழுந்தது. பல்லாயிரம் பேர் கணக்குத் தீர்த்த பற்றுச்சீட்டோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். 1933இல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி, முன்பு ஏற்றுமதி செய்த உச்ச அளவில் 85 விழுக்காட்டுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஒப்பந்தம் செய்தார்கள். விலை தாங்கி நின்றது. வெட்டின கூலி அதே வேகத்தில் திரும்பவில்லை. கூலி வெட்டை எதிர்த்துப் பேச அப்போது ஆள் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவரும் மனைவி மீனாட்சி அம்மாளும் தோட்டம் தோட்டமாகப் போனார்கள், அம்மையார் பாட்டாகவே பாடிக் கூலிக் கணக்கை மக்களுக்கு விளக்கினார்.

இரண்டாவது நெருப்பு வேறு மாதிரி. இப்போது பெரிய அடுப்பில் விறகு திணிக்கப்பட்டது. தேயிலை வேண்டும், எவ்வளவு இருந்தாலும் வேண்டும். பிரிட்டனில் 1940 ஜூலையில் தேயிலைக்குப் பங்கீடு வந்தது. ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ். ஜாவாவும் சுமாத்திராவும் ஜப்பானிடம் வீழ்ந்தபின் இலங்கை, இந்தியத் தேயிலையைத்தான் பிரிட்டன் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. ஏலம் நின்றது, பிரிட்டிஷ் அரசே தேயிலையை மொத்தமாக வாங்கியது. இவ்வளவு தேவை இருந்தால் விலை எங்கோ போயிருக்க வேண்டும், கூலியும் கூடவே ஏறியிருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் வாங்குபவரே ஆள்பவராகவும் இருக்கும்போது சந்தை என்ற ஒன்று இல்லை. போர் தொடங்கிய சில மாதத்திலேயே கூலி உயர்வு கேட்டு ஹேவாஹெட்ட பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார்.

அரிசி வந்த கதை இன்னும் மோசம். இலங்கை உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச் 8இல் பர்மாவின் ரங்கூன். அடுத்த மாதம் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலையை. குண்டு விழுந்த கதைதான் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்துக்கு உண்மையான அடி ரங்கூனில் விழுந்தது. பர்மா அரிசிக் கப்பல் நின்றது, அரிசிக்குப் பங்கீடு வந்தது, குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது.

இன்றைக்கு மலையகம் என்றாலே ரொட்டி என்கிறார்கள். அது தலைமுறை தலைமுறையாக வந்த சாப்பாடு என்று நம் பிள்ளைகளே நினைக்கிறார்கள். திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்த சனம் கோதுமை ரொட்டியா தின்றது? கம்பும் கேழ்வரகும் தின்றது, இங்கே வந்து தோட்டம் போட்ட அரிசியைத் தின்றது. போர் கொண்டுவந்த மாவை வைத்து அது செய்த சமையல்தான் ரொட்டி. மாவில் உப்புப் போட்டு, தேங்காய் கிடைத்தால் இரண்டு பிடி துருவிச் சேர்த்து, இறுக்கிப் பிசைந்து, உள்ளங்கையில் தடிப்பாகத் தட்டித் தகரத்தில் போட்டுச் சுடுவது. விடியற்காலை பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடுமுன் சாயத்தண்ணியோடு ஒன்று. மலைக்குக் கொண்டுபோகத் துணியில் முடிந்து ஒன்று. சம்பல் இருந்தால் அதுவும். மெல்லிசாகச் சுட்டால் பத்து மணிக்கே பசிக்கும் என்பதால்தான் அந்தத் தடிப்பு. அரிசி திரும்பி வந்த பிறகும் மா போகவில்லை. 1954இல் அமெரிக்கா, தன் களஞ்சியத்தில் தேங்கிய தானியத்தை நட்பு நாடுகளுக்கு மலிவாகக் கொடுக்க 480ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. பசித்த நாடு கம்யூனிசத்தின் பக்கம் போய்விடும் என்ற பயமும் அதன் பின்னால் இருந்தது. அந்தச் சட்டத்தின் கீழும் இலங்கைக்கு மா வந்தது.

இப்படித்தான் மூன்றாவது நெருப்புக்கு வந்து சேர்கிறோம். இதில் பெரிய அடுப்பின் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் விறகைத் தள்ளுவார், மற்றவர் இழுப்பார். கொடியில் இருந்தவர்களுக்குச் சில சமயம் நல்லதும் நடந்தது. கொரியப் போர் நடந்தபோது ரப்பர், தேயிலை விலைகள் ஏறின. போர் தணியத் தணிய விலை சரிந்தது, அரசின் கையிருப்பு கரைந்தது. 1952 டிசம்பரில் இலங்கை, அமெரிக்காவின் எதிர்ப்பை மீறிச் சீனாவோடு ரப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது: ஆண்டுக்கு 50,000 தொன் ரப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்குவது. களுத்துறையில் வெட்டிய ரப்பர் பாலுக்கு சீனாவிலிருந்து வந்த அரிசி தோட்டத்துப் பங்கீட்டுக் கூப்பனிலும் வந்தது. ஆனாலும் 1953இல் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஓகஸ்ட் 12இல் நாடே ஹர்த்தாலில் எழுந்தது, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்.

அரசைத் தட்டிக் கேட்க வாக்குள்ள மக்களால் முடிந்தது என்பதற்கு அந்த ஹர்த்தால் சாட்சி. தோட்டத்து மக்களின் நிலை வேறு. 1947 தேர்தலில் அவர்களுடைய கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், மஸ்கெலியாவில் ஜி.ஆர். மோத்தா, தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, நுவரெலியாவில் எஸ். தொண்டமான் என்று நம்மைச் சுற்றியே ஐந்து பேர். காங்கிரஸ் போட்டியிடாத பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்கு விழுந்தது. மார்க்சியர் எழுச்சியைக் கண்டு உலகம் முழுக்க ஆளும் வர்க்கம் கலங்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து மக்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது, 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்து வாக்கையும் பறித்தது. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. இனவாதம் இதற்கு முதல் காரணம். சிவப்புப் பயம் அதற்குக் கைகொடுத்தது என்பதே என் துணிபு.

1962இல் சீனாவும் இந்தியாவும் எல்லையில் மோதின. அந்த டிசம்பரில் சிறிமாவோ பண்டாரநாயக்க கொழும்பில் ஆறு அணிசேரா நாடுகளைக் கூட்டிச் சமரசம் பேசினார். அண்டை நாட்டின் நட்பு டெல்லிக்கு அதன்பின் இன்னும் முக்கியமானது. 1964 ஒக்டோபர் 16இல் சீனா முதல் அணுகுண்டை வெடித்தது. இரண்டு வாரம் கழித்து, 30ஆம் திகதி, டெல்லியில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவராகிவிட்ட 9,75,000 பேரை இரு நாடும் பிரித்தன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ள. அந்த மக்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. அதன்பின் தலைமன்னாருக்குச் சனத்தை ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. போனவர்களில் பலர் நீலகிரியில், தமிழ்நாடு அரசு அவர்களுக்காகவே தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தூக்கினார்கள்.

இருந்தவர்களுக்கு 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சம் காத்திருந்தது. அந்தப் பஞ்சத்தை மட்டும் விறகிலிருந்து பானை வரை ஒவ்வொரு படியாகப் பார்க்க வேண்டும். 1972இல் சோவியத் நாட்டில் விளைச்சல் பொய்த்தது. போட்டியாளரான அமெரிக்காவிடமே மாஸ்கோ பெருமளவு கோதுமையை வாங்கிக் குவித்தது. அப்போது இரு வல்லரசுகளுக்கும் இடையே உறவு சற்றே இளகியிருந்தது. அமெரிக்கக் களஞ்சியம் காலியானது, உலகச் சந்தையில் கோதுமை விலை இரண்டே ஆண்டில் ஏறத்தாழ மூன்று மடங்கானது. 1973 ஒக்டோபரில் அரபு–இஸ்ரேல் போர் வெடித்தது; ஒரு பக்கத்துக்கு அமெரிக்க ஆயுதம், மறு பக்கத்துக்குச் சோவியத் ஆயுதம். அரபு நாடுகள் எண்ணெயைக் கட்டுப்படுத்தின, பீப்பாய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கை நெருங்கியது. தேயிலை விலை அப்படி ஏறவில்லை. ஆக, ஒரு மூட்டை மா வாங்க முன்பைவிட அதிகத் தேயிலையை நாடு விற்க வேண்டியிருந்தது. கொழும்பில் அந்நியச் செலாவணி இல்லை. கூப்பன் அரிசி வெட்டப்பட்டது, மாவும் சீனியும் விலை ஏறின, மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகவும் கட்டுப்பாடு. கிராமத்தில் காணித் துண்டு இருந்தவர் மரவள்ளி நட்டார். தோட்டத்து லயத்தில் இருந்தவருக்கு அறையான காம்பராவும் முன்திண்ணையான இஸ்தோப்பும்தான் சொத்து. வாரத்தில் மூன்று நாள் பேர் விழுந்த கூலியில் மா வாங்க முடியாமல், காட்டுக் கிழங்கும் கீரையும் அவித்துத் தின்றார்கள். தோட்டத்தை விட்டு இறங்கிப் பட்டணத்துத் தெருக்களில் கை நீட்டினார்கள். தோட்டங்களில் பட்டினியாலும் நோயாலும் நிகழ்ந்த சாவுகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட மிக அதிகம்.

உலக விலை எல்லா நாட்டுக்கும்தான் ஏறியது, இலங்கையில் எல்லோருக்கும்தான் மா குறைந்தது. தோட்டத்தில் மட்டும் சாவு அவ்வளவு பெருகியதற்குக் காரணம் கோதுமை விலை அல்ல. காணி இல்லை, பெரும்பாலானோருக்கு வாக்கும் இல்லை என்பதுதான். 1953இல் அரிசி விலையை ஏற்றிய பிரதமர் வீட்டுக்குப் போனார். 1974இல் பட்டினி கிடந்தவர்களுக்காகப் பதவி இழந்தவர் ஒருவரும் இல்லை. தேர்தலில் வென்று மலையகப் பிரதிநிதி ஒருவர் மறுபடி பாராளுமன்றம் போக 1977 வரை, அதாவது முப்பது ஆண்டு, காத்திருக்க வேண்டியிருந்தது; நுவரெலியா–மஸ்கெலியாவில் தொண்டமான் வென்றார். சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது. நாடற்றவராக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

1974இல் பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. வீட்டில் அப்பாயியோ தாத்தாவோ அந்த வயதில் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள்: அந்த ஆண்டு என்ன சாப்பிட்டீர்கள், கூப்பனில் எவ்வளவு மா தந்தார்கள், பக்கத்துக் காம்பராவில் யார் செத்தார்கள், யார் கோச்சி ஏறினார்கள். பெயரும் தோட்டமும் ஆண்டும் போட்டு எழுதி வையுங்கள். வேறு யாரும் அதை நமக்காக எழுதி வைக்கப் போவதில்லை.