பாசிமணி செய்யக் கற்றோம்

திருவிழாக் கடையில் பாசிமணி மாலை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, விற்கிற அம்மாள் சொன்ன விலையில் சரிபாதியைக் கேட்டு, “கண்ணாடிதானே, அம்மா! தங்கமா, வைரமா?” என்று தர்க்கம் செய்யாதவர்கள் நம் நேயர்களில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். நாமும் பல வருஷங்கள் அந்தத் தர்க்கத்தைச் செய்துவந்தோம். இப்பொழுது விட்டுவிட்டோம். காரணம் வேறொன்றுமில்லை; நம் கையாலேயே ஒரு பாசிமணி செய்து பார்த்துவிட்டோம்.

இதற்கு வேண்டிய சாமான்கள் கொஞ்சந்தான். பென்சில் பருமனுள்ள வர்ணக் கண்ணாடிக் கோல்கள். மெல்லிய எஃகுக் கம்பிகள். அந்தக் கம்பிகளில் பூசுவதற்குக் குழைத்த களிமண் கலவை. மேஜையில் இறுக்கிப் பொருத்திய வாயுவிளக்கு. களிமண் பூசாத கம்பியில் கண்ணாடியைச் சுற்றினால் மணி ஆயுள்பரியந்தம் கம்பியை விட்டு வராது. கண்ணுக்கும் தனி மூக்குக்கண்ணாடி வேண்டும். கண்ணாடி சூடேறும்போது அதிலுள்ள சோடியம் மஞ்சள் ஒளியைக் கக்கும். அந்த மஞ்சளை வடிகட்டும் விசேஷக் கண்ணாடியை அணிந்தால்தான் தீக்குள் என்ன நடக்கிறதென்று தெரியும். அறையில் காற்றோட்டம் அவசியம். பருத்தி ஆடையே உசிதம். குழந்தைகள் அருகில் இருக்கலாகாது.

முதல் பாடம், அவசரப்படாமல் இருப்பது. கோலைச் சட்டென்று தீயில் நீட்டினோம். அது ‘பட்’டென்று வெடித்துச் சிதறிற்று. கற்பித்த அம்மையார் சிரித்துவிட்டு, “தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி எழுப்ப வேண்டும், ஸார்! தீயின் ஓரத்தில் காட்டிக் காட்டி, பிறகு உள்ளே கொண்டுபோங்கள்” என்றார். அப்படிச் செய்ததும், கோலின் நுனி சிவந்து, அதிரசப் பாகு பதத்துக்கு வந்து, சொட்டாகத் திரண்டது. மற்றொரு கையில் கம்பியைத் திருப்பிக்கொண்டே அந்தச் சொட்டை அதன்மேல் சுற்ற வேண்டும்.

இங்கேதான் நம்முடைய சாமர்த்தியம் வெளிப்பட்டது. உருண்டை சரியாக வரவேண்டுமே என்று அதை உற்றுப் பார்த்த ஒரு க்ஷணத்தில் கம்பியைத் திருப்ப மறந்துவிட்டோம். உருகிய கண்ணாடி ஒரு பக்கமாக வழிந்து, கத்தரிக்காயைப் போல் தொங்கிற்று! “நீங்கள் உருட்ட வேண்டாம், அதுவே உருண்டுகொள்ளும். நீங்கள் திருப்பிக்கொண்டிருந்தால் போதும்” என்றார் அம்மையார். அது முற்றிலும் உண்மை. இலையின்மேல் நீர்த்துளி திரளுவதுபோல, இளகிய கண்ணாடியும் தானாகவே திரண்டுகொள்கிறது. நிதானமான கைக்கு அது வசப்படும். நிறுத்தினாலோ பூமி தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

ஆறாவது மணி அழகாக அமைந்தது. நீல நிறம், நல்ல உருண்டை. பெருமையுடன் அதை மேஜையில் ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுக் காப்பி சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது அது இரண்டு துண்டாகக் கிடந்தது. தொட்டவர் யாருமில்லை.

பாசிமணித் தொழிலின் ரகசியமே இதுதான் என்று பிறகு அறிந்தோம். மணியின் வெளிப்புறம் முதலில் ஆறி இறுகிவிடுகிறது. உட்புறம் அதற்குப் பிறகு ஆறிச் சுருங்கப் பார்க்கிறது, சுருங்க இடமில்லை. அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே தங்கி, சில நிமிஷத்திலோ சில மாதத்திலோ மணியைப் பிளந்துவிடுகிறது. ஆகையால் செய்த மணியை, சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடியானால் சுமார் 500 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள சிறு சூளையில் சற்றுநேரம் வைத்திருந்து, பிறகு பல மணி நேரம் மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். இருவேறு ஜாதிக் கண்ணாடிகளை ஒரே மணியில் சேர்ப்பதும் கூடாது. சூட்டில் விரிவதும் ஆறுகையில் சுருங்குவதும் ஒன்றுக்கொன்று வேறுபட்டால் பிளவு நிச்சயம்.

ஆறிய மணியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கம்பியிலிருந்து கழற்றி, துவாரத்திலுள்ள மண்ணைத் தண்ணீருக்குள்ளேயே தேய்த்து எடுக்க வேண்டும். உலர்ந்த தூசி சுவாசத்தில் கலப்பது தீங்கு. துவாரத்தின் விளிம்பு கூராக இருந்தால் நாளடைவில் நூலை அறுத்துவிடும். உட்குழிந்து வழவழப்பாக இருந்தால்தான் அது மணி. ஒரே ஒரு மணிக்கு இத்தனை பாடு!

இந்தப் பாட்டை நினைத்துக்கொண்டு, புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1945-இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் அகழ்ந்த அந்த மண்ணில், கண்ணாடி மணிகளும் அவற்றைச் செய்ததின் கழிவுகளும் ஏராளம். நம்மைப் போல் ஒவ்வொரு மணியாகச் சுற்றாமல், கண்ணாடியை நீண்ட மெல்லிய குழலாக இழுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கி மணியாக்கும் வித்தையை அவர்கள் அறிந்திருந்தார்கள். செங்கல் சிவப்பு, கறுப்பு, நீலம், பச்சை, மஞ்சள் நிறங்களில் கடுகைவிடச் சற்றே பெரியவையான இத்தகைய மணிகள், கிழக்கு ஆப்பிரிக்கா முதல் தென்கிழக்கு ஆசியாவரை கிடைக்கின்றன. ஆராய்ச்சியாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயரிட்டார்.

அந்த வித்தை மண்ணோடு மண்ணாகிவிடவில்லை. ஆந்திர தேசத்தில் காளஹஸ்திப் பக்கத்திலுள்ள பாப்பாநாயுடுப்பேட்டையில், இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலும் கைவினைஞர்கள் அதே முறையில் வேலை செய்ததை ஆராய்ச்சியாளர்கள் நேரில் கண்டு எழுதியிருக்கிறார்கள். உலையில் கொதிக்கும் கண்ணாடியை இரும்புக் குழாயில் திரட்டி, நடுவே துளையிட்டு, உலையின் வாய் வழியாக ஒருவர் கைக்குமேல் கை மாற்றி இடைவிடாமல் குழலை இழுப்பார். நறுக்கிய துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடாக்குவார்கள். துவாரம் அடையாமலும் மணிகள் ஒட்டிக்கொள்ளாமலும் சாம்பல் காக்கும், விளிம்புகள் மழுங்கும். எழுதிவைத்த சூத்திரம் ஏதுமின்றி, தகப்பன் கையிலிருந்து பிள்ளை கைக்கு வந்த சாஸ்திரம் இது.

நம் முன்னோர் கடல் கடந்து மணி விற்றார்கள் என்று மேடையில் பேசும்போது நமக்கு மெய்சிலிர்க்கிறது. அந்தச் சிலிர்ப்பு திருவிழாக் கடைக்கு வந்ததும் எங்கே போய்விடுகிறது? சுதேசிப் பொருளை வாங்குவது ஒரு தர்மம். அதைச் செய்த கைக்கு உரிய கூலியைக் கொடுப்பது அதனினும் பெரிய தர்மம். பின்னதில்லாமல் முன்னது வெறும் பேச்சு. பழம் பெருமையை நாம் கொண்டாடலாம். ஆனால் உலையருகே நிற்பவனுக்கு வயிறு நிறைந்தால்தான் அந்தப் பெருமை அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.

சென்ற திருவிழாவில் பாசிமணிக் கடைக்கு மறுபடியும் போனோம். கண்ணாடி மாலை ஒன்றை எடுத்து, துவாரங்களை நகத்தால் தடவிப் பார்த்தோம். ஒன்றுகூடக் கூராக இல்லை. அந்த அம்மாள் சொன்ன விலையைப் பேசாமல் கொடுத்தோம். அவளுக்கு நம்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் இருபுறமும் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் முடிந்துகொண்டாள்!