பதிவேட்டில் பிறந்த குற்றவாளிகள்

குற்றம் எங்கே பிறக்கிறது என்ற வினாவுக்கு விடை தேடிய மேனாட்டுச் சமூகவியல் பண்டிதர்கள், குற்றமே இல்லாத சமுதாயம் உலகில் எங்கும் கிடையாதென்றும், ஆசைகளைத் தூண்டிவிட்டு அவற்றை அடைவதற்கான நேர்வழிகளை அடைத்துவைக்கும் சமுதாயம் குறுக்குவழிக்காரர்களைத் தானே உண்டாக்கிக்கொள்கிறதென்றும் பற்பல சித்தாந்தங்களை நிறுவியிருக்கிறார்கள். அவை ஒருபுறம் இருக்கட்டும். ஒரு செயலைக் குற்றமாக்குவது அச்செயலின் இயல்பன்று, அதற்கு அப்பெயரை இட்டுச் செய்தவன்மேல் ஒட்டிவைக்கும் அதிகாரமே என்று 1960களில் அமெரிக்காவில் செல்வாக்குப் பெற்ற கொள்கை, அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மதுரைச் சீமையின் ஊர்ச்சாவடிகளில் நடைமுறையாகவே நடத்திப் பார்க்கப்பட்டுவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

வடஇந்தியாவுக்கென்று 1871இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தம் பெற்றுச் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஒரு வகுப்பைக் குற்றப் பரம்பரை என்று சர்க்கார் பிரகடனம் செய்துவிட்டால், அது செல்லுமா என்று எந்த நியாயஸ்தலமும் கேட்பதற்கில்லை. பதிவேட்டில் ஏறியவன் ரேகை பதிந்து, இரவில் போலீஸ் கண்ணெதிரே சாவடியில் படுத்துறங்கி, அயலூர்ச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனாலும் ராதாரி என்னும் அனுமதிச் சீட்டுக்காகக் காத்துநிற்க வேண்டியிருந்தது. தாலி கட்டிய அன்றிரவே மாப்பிள்ளை சாவடிக்குப் போன கதைகள் அப்பக்கத்து ஊர்களில் இன்றும் பேச்சில் இருக்கின்றன. ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கவும் சட்டத்தில் இடமிருந்தது.

இத்தனைக்கும் மதுரைச் சீமையில் இச்சட்டத்துக்கு ஆளான பிரமலைக் கள்ளர் நாட்டில் ஊர்க்காவல் என்பது பரம்பரைத் தொழில். களத்தில் நெல் அளக்கும்போதே காவல்காரன் பங்கு ஒதுக்கப்படும். காவலுக்கு இசையாத ஊரில் ஒருநாள் தொழுவத்து மாடு காணாமற்போகும். இடையாள் ஒருவன் வந்து துப்புக்கூலி பேசுவான். கூலி கைமாறியதும், மாடு இன்ன ஓடையோரம் கட்டிக்கிடக்கிறது என்று துப்பு வரும். இது திருட்டா, வரியா? மாட்டைப் பறிகொடுத்த சம்சாரி திருட்டென்றுதான் சொல்வான். அவன் வயிற்றெரிச்சல் பொய்யன்று. ஆனால் காவல் என்பது தனக்கே உரிய ஏகபோகம் என்று சர்க்கார் தீர்மானித்தபோது பழைய காவல்காரன் திருடனானதும், ரேகைச் சட்டத்தால் அவனுடைய பிறவாத பேரனும் உடன்சேர்ந்து திருடனானதும், மாடுகள் செய்த மாற்றமல்லவே.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்துத் திரண்ட ஊரார்மேல் போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்னும் பெண் உட்படப் பலர் மாண்டார்கள். அவர்கள் மறுத்தது தண்டனையை அன்று, ஒரு பெயரை.

அந்தப் பெயரின் வேலை விசித்திரமானது. ஊரில் களவு போனால் முதலில் பதிவேட்டைப் புரட்டுகிறார்கள். அதில் உள்ளவனே அகப்படுகிறான். அகப்பட்டவனுக்கு எவரும் வேலை கொடுப்பதில்லை. வேலையற்றவன் மறுபடி அகப்படும்போது, பதிவேடு சொன்னது சரிதானே என்று பதிவேடே சாட்சி சொல்கிறது!

சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் சட்டம் ஒழிந்தது. ஆனால் சென்னையில் அடுத்த ஆண்டே, 1948இல், வழக்கமான குற்றவாளிகளுக்கென்று வேறொரு கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குற்றப் பரம்பரை எனப்பட்ட வகுப்பினர் சீர்மரபினர் எனப்பட்டார்கள். எனினும் அவர்களை வழக்கமான குற்றவாளிகளாக எண்ணும் மனப்பான்மை சிறைக் கையேடுகளிலிருந்து நீங்க 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

என் கவலை இதற்கும் அப்பாலானது. இன்று வகுப்பின் பெயரால் பட்டியல் இல்லை என்பது மெய்தான். ஆனால் காவல் நிலையத்தில் ரவுடி ஷீட் என்னும் பதிவேடு இருக்கிறது. அதில் ஒருவன் பெயரை ஏற்ற நியாயஸ்தலத்தின் தண்டனை வேண்டியதில்லை, காவல் அதிகாரியின் உத்தரவே போதும். திருவிழா வந்தாலும் தேர்தல் வந்தாலும் ஷீட் உள்ளவன் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. இதனுடன் முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லும் கேமராவும் இப்போது சேர்ந்துவருகிறது. ரேகைச் சட்டத்துக்காவது ஆளை வரவழைத்து, விரலைப் பிடித்து மையில் தோய்க்க வேண்டியிருந்ததால், பெருங்காமநல்லூராருக்குக் கையை நீட்ட மாட்டோம் என்று சொல்ல இடமிருந்தது. தெருமுனைக் கம்பத்திலிருந்து எடுக்கும் படத்துக்கு எவன் எப்படி மறுப்புச் சொல்வான்?