சந்தன விதையை வீட்டிலேயே முளைக்க வைக்கலாம்

சந்தன விதை முளைப்பதில்லை என்ற எண்ணம் விவசாயிகளிடையே பரவலாக இருக்கிறது. விதைத்து மூன்று வாரம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். ஒன்றும் தலைகாட்டாது. விதை சொத்தை என்று பாத்தியைக் கொத்திவிட்டுக் கத்தரி நாற்று விட்டுவிடுவார்கள். சந்தன விதை சொன்னபடி முளைக்கும் விதைதான். ஆனால் அதன் கணக்கு வேறு. பழத்திலிருந்து எடுத்த விதை சுமார் இரண்டு மாதம் உறங்கிக் கிடக்கும். அதன் பிறகும் எல்லாம் ஒரே நாளில் முளைக்காது. ஒன்று நான்காவது வாரத்தில் வரும், பக்கத்தில் போட்டது மூன்றாவது மாதத்தில் வரும். இந்த உறக்கத்தைக் கலைக்கும் வழி தெரிந்தால், வாசல் ஓரத்தில் ஒரு சதுர மீட்டர் இடத்திலேயே வரப்புக்கும் வேலி ஓரத்துக்கும் வேண்டிய கன்றுகளை உண்டாக்கிக் கொள்ளலாம்.

இன்று சந்தனக் கன்று பல இடங்களில் விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் வாங்கும் கன்றில் பாதிக்கு மேல் முதல் கோடையைத் தாண்டுவதில்லை என்று குறைப்படுபவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் கன்றின் வேரில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

விதை எடுக்கும் காலம்

சந்தன மரம் ஆண்டுக்கு இருமுறை காய்க்கும். மார்ச் – ஏப்ரலில் ஒரு காய்ப்பு, செப்டம்பர் – அக்டோபரில் ஒரு காய்ப்பு. நம்முடைய வேலைக்குப் புரட்டாசி, ஐப்பசிப் பழமே தோதானது. அந்த விதையைக் கார்த்திகை, மார்கழியில் விதைத்தால் அடுத்த ஐப்பசி மழைக்குக் கன்று நடவுக்குத் தயாராகிவிடும்.

பழம் சுண்டைக்காய் அளவு இருக்கும். பச்சையாக இருந்து சிவந்து, பிறகு கருநீலமாகும். கறுத்த பழத்தை மட்டுமே பறிக்க வேண்டும். மரம் மூன்று நான்கு வயதிலேயே காய்க்கத் தொடங்கிவிடும் என்றாலும் இளமரத்து விதை வேண்டாம். பதினைந்து, இருபது வயதான, நேராக வளர்ந்த, நோயில்லாத மரமாகப் பார்த்து எடுங்கள். இலைகள் சிறுத்து, நுனிக் கிளைகள் விறைத்து நிற்கும் மரத்தின் பக்கமே போக வேண்டாம். அது முள்கதிர் நோய். குடகுப் பகுதியில் 1899-ல் கண்டறியப்பட்ட இந்த நோய்க்கு இன்றுவரை மருந்து கிடையாது. சாறு உறிஞ்சும் பூச்சிகள் இதை மரத்துக்கு மரம் பரப்புகின்றன.

இன்னொரு எச்சரிக்கை. பழம் சிறியதுதானே என்று காப்புக்காட்டுக்குள் போய் உதிர்ந்ததைப் பொறுக்கி வரக் கூடாது. அது குற்றம். சொந்த நிலத்து மரம், அல்லது கேட்டுப் பெற்ற அக்கம்பக்கத்துப் பட்டா நிலத்து மரம், அல்லது வனத்துறை மூலம் வாங்கும் விதை, இவையே சரியான வழி.

பறித்த பழத்தை அன்றே தண்ணீரில் ஊறப் போட்டு, சாக்குத் துணியில் வைத்துத் தேய்த்துச் சதையை முழுவதும் போக்க வேண்டும். சதை ஒட்டியிருந்தால் பூசணம் பிடிக்கும், எறும்பும் வரும். கழுவிய விதையைத் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை எறிந்துவிடுங்கள். அமிழ்ந்த விதையை நிழலில் பரப்பி நன்றாக உலர்த்த வேண்டும். வெயில் கூடாது. உலர்ந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஒன்பது மாதம் வரை முளைப்புத் திறன் இருக்கும். நாள் ஆக ஆகக் குறையும். ஆகவே ஓர் ஆண்டு பழைய விதையை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஒரு கிலோவுக்குச் சுமார் 6,000 விதை நிற்கும். நூறு கன்று போதும் என்பவருக்கு 50 கிராம், அதாவது 300 விதை தாராளம். விதைத்ததில் பாதி முளைத்து, அதில் மூன்றில் இரண்டு பங்கு தேறினால் கணக்குச் சரியாகிவிடும்.

உறக்கத்தைக் கலைப்பது

இதற்கு நம்பகமான முறை ஜிப்ரலிக் அமிலத்தில் ஊற வைப்பது. செடிகளிலேயே இயற்கையாக உள்ள வளர்ச்சி ஊக்கி இது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம் வீதம் கரைத்து, விதையை ஓர் இரவு முழுவதும் ஊற வைத்துக் காலையில் விதைக்க வேண்டும். இப்படிச் செய்த விதை முன்பின் இல்லாமல் ஏறக்குறைய ஒன்றாக முளைத்துவரும்.

இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். உரக்கடையில் நெல்லுக்கும் பருத்திக்கும் தெளிக்க விற்கும் ஜிப்ரலிக் அமிலத் திரவத்தில் பெரும்பாலும் 0.001 சதவீதம்தான் மருந்து இருக்கும். பாட்டிலைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றினாலும் நமக்கு வேண்டிய வீரியத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான் வரும். ஆகவே பாட்டில் மேல் அச்சிட்டிருக்கும் சதவீதத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். தண்ணீரில் கரையும் 40 சதவீதத் தூளாக இருந்தால் லிட்டருக்கு ஒன்றேகால் கிராம் போட வேண்டும். ஆய்வுக்கூடங்களுக்கு விற்கும் சுத்தமான தூள் தண்ணீரில் எளிதில் கரையாது. அதை முதலில் சில சொட்டு ஸ்பிரிட்டில் கரைத்துக்கொண்டு பிறகு தண்ணீரில் சேர்க்க வேண்டும். 50 கிராம் விதை முழுகக் கால் லிட்டர் கரைசல் தாராளம் என்பதால் செலவு அதிகமாகாது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பொட்டலம் வாங்கிப் பங்கிட்டுக் கொள்வது இன்னும் நல்லது.

இது கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். விதையை இரண்டு மாதம் ஆற வைத்து, பிறகு ஓர் இரவு சாணிப்பாலில் ஊற வைத்து விதைக்கலாம். முளைப்பு முன்பின்னாக இருக்கும், பொறுமை வேண்டும், அவ்வளவுதான். சிலர் விதையின் கெட்டியான ஓட்டை உடைத்துப் பருப்பை மட்டும் விதைக்கிறார்கள். சீக்கிரம் முளைப்பது உண்மை. ஆனால் பருப்பில் கீறல் விழுந்தால் அழுகும். எறும்பும் எலியும் முதலில் தேடி வருவதும் அதைத்தான். கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்த முறையைச் சொல்ல மாட்டேன்.

பாத்தி

மூன்று பங்கு மணலும் ஒரு பங்கு செம்மண்ணும் கலந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மேட்டுப்பாத்தி போட வேண்டும். 50 கிராம் விதைக்கு ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் போதும். பாத்தி போட இடம் இல்லாதவர்கள் அடியில் ஓட்டை போட்ட பழைய தொட்டியிலோ பிளாஸ்டிக் கூடையிலோ செய்யலாம். சந்தன நாற்றுக்கு முதல் எதிரி மண்ணில் உள்ள பூசணமும் நூற்புழுவும். இரண்டும் சேர்ந்தால் நேற்றுப் பச்சையாக நின்ற நாற்று இன்று தலை சாய்ந்துவிடும். சிறிய அளவில் செய்கிறவர்கள் கலவை மண் மீது கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, ஆற விட்டுப் பயன்படுத்துவது எளிய பாதுகாப்பு. கத்தரி, தக்காளி போட்ட மண்ணை எடுக்க வேண்டாம். நூற்புழு அதில்தான் அதிகம்.

விதையைச் சீராகத் தூவி, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மணல் போட்டு மூடி, மேலே வைக்கோல் பரப்ப வேண்டும். பூவாளியால் தினம் ஒருமுறை தண்ணீர் தெளித்தால் போதும். ஈரம் இருக்க வேண்டுமே தவிர மண் சொதசொதப்பாக இருக்கக் கூடாது. அணிலும் எலியும் ஒரே இரவில் பாத்தியைக் காலி செய்துவிடும். கோழிக்கூட்டுக்குப் போடும் கம்பி வலையைப் பாத்தி மேல் கவிழ்த்துச் சுற்றிலும் மண் அணைத்து வையுங்கள். முதல் முளை தெரிந்தவுடன் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். மெல்லிய நிழல் மட்டும் போதும்.

நாற்றழுகல் கண்டால் தண்ணீரைக் குறைத்து, லிட்டருக்கு இரண்டரை கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்துப் பாத்தியில் ஊற்றலாம். மூன்று மாதம் ஆகும் வரை பாத்தியைக் கலைக்க வேண்டாம். முளைக்காமல் கிடப்பதில் இன்னும் உயிர் இருக்கலாம்.

தனித்து வாழாத மரம்

இனி வேர் விஷயத்துக்கு வருவோம். சந்தனம் பச்சை இலை வைத்துத் தன் உணவைத் தானே தயாரித்துக் கொள்ளும். ஆனால் தண்ணீரையும் சத்துகளையும் தன் வேரால் மட்டும் போதிய அளவு எடுக்க அதற்குத் தெரியாது. அதன் வேர் மண்ணுக்குள் போய்ப் பக்கத்துச் செடியின் வேரைத் தேடிப் பிடிக்கும். பிடித்த இடத்தில் சிறு குமிழ்போல ஓர் உறிஞ்சு உறுப்பை உண்டாக்கி, அந்த வேரிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். புல்லிலிருந்து பெரிய மரம் வரை நூற்றுக்கணக்கான செடிகளை அது இப்படிப் பற்றுகிறது. மைனாவும் குயிலும் பழத்தைத் தின்று கொட்டை போடும் வேலிப் புதரடியில் சந்தனம் தானாக முளைத்துச் செழிப்பதன் ரகசியமும் இதுதான். நட்டு வளர்த்தது சாக, நடாமல் வந்தது வாழ்வதைப் பார்த்துப் பலர் இதை அதிர்ஷ்டம் என்று சொல்கிறார்கள்.

முளைத்த நாற்று ஒன்றிரண்டு மாதம் விதையில் உள்ள சத்தை வைத்து ஓட்டும். அதற்குள் துணைச்செடி கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் இலை வெளுத்து, வளர்ச்சி நின்று, பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் மாதக்கணக்கில் நிற்கும். விலைக்கு வாங்கும் போது பையில் சந்தனம் மட்டும் தனியாக நின்றால் அந்தக் கன்று வேண்டாம். எத்தனை உயரமாக இருந்தாலும் வேண்டாம்.

நாற்று நான்கைந்து இலை விட்டதும் பைக்கு மாற்ற வேண்டும். 30 செ.மீ. உயரமும் 14 செ.மீ. அகலமும் உள்ள பாலிதீன் பையில் இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து ஈரச் சாக்கு மூடி இரண்டு வாரம் வைத்திருந்தால் பூசணத் தொல்லை குறையும். பாத்தியை நன்றாக நனைத்து, வேர் அறாமல் குச்சியால் நெம்பி நாற்றை எடுக்க வேண்டும். எடுத்த வேர் காயக் கூடாது. மாலை நேரத்தில் மாற்றி, ஒரு வாரம் நிழலில் வையுங்கள்.

அதே பையில் ஓரமாக ஒரு துவரை விதையை ஊன்ற வேண்டும். துவரை வேகமாக வளர்ந்து சந்தனத்தை மூடிவிடப் பார்க்கும். சந்தனத்தின் உயரத்துக்கு மேல் போகாதபடி நுனியைக் கிள்ளிக்கொண்டே வாருங்கள். துவரைக்குப் பதில் பொன்னாங்கண்ணித் தண்டையும் ஊன்றலாம். அது தரையோடு படர்வதால் நிழல் கட்டாது, கிள்ளியதைச் சமைக்கவும் ஆகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பைகளை இடம் மாற்றி வைக்காவிட்டால் வேர் பையைத் துளைத்துத் தரைக்குள் இறங்கிவிடும். ஆறு முதல் எட்டு மாதத்தில் கன்று ஓர் அடி உயரம் வந்து, தண்டு பச்சை மாறிப் பழுப்பாகும். அதுதான் நடவுக்குப் பக்குவம்.

நடும்போது

துணைச்செடியோடு சேர்த்தே ஒன்றரை அடிக் குழியில் நடவேண்டும். தண்ணீர் தேங்கும் நிலம் ஆகாது. சரளையும் செம்மண்ணும் கலந்த மேட்டு நிலத்தில் நன்றாக வரும். துவரை ஓர் ஆண்டில் போய்விடும் என்பதால், நிரந்தரத் துணைக்குச் சவுக்கு, புங்கம், வேம்பு போன்ற ஒன்றை ஐந்தாறு அடி தூரத்தில் முன்னதாகவே நட்டு வைப்பது நல்லது. சந்தன வேர் உங்கள் தோட்டப் பயிரின் வேரையும் விட்டு வைக்காது. எலுமிச்சை, கொய்யாத் தோட்டத்துக்கு நடுவில் நடுவதை யோசித்துச் செய்யுங்கள்.

பன்னிரண்டு ஆண்டில் ஏக்கருக்குக் கோடி ரூபாய் என்று சொல்லி விற்கிறவர்களை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். வாசனை இருப்பது வைரக்கட்டையில் மட்டுமே. வெளிக்கட்டைக்கு வாசனை கிடையாது. வைரம் பாயத் தொடங்கப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகலாம். நல்ல அளவு சேர இருபது ஆண்டும் அதற்கு மேலும் ஆகும். மரத்துக்கு மரமும் இது மாறும். தண்ணீரும் உரமும் கொடுத்துக் கொழுக்க வைத்த மரம் பருமனாக இருக்கும். வைரமும் அதே அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. மரம் விலை போகும் வயது வந்ததும் திருட்டுப் பயமும் வரும். வீட்டுக் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஐம்பது மரம் வைத்திருப்பது சிறு விவசாயிக்குத் தாங்கும். காவல் போட வேண்டிய ஐந்து ஏக்கர் தாங்காது என்பது என் கருத்து.

ஒரு காலத்தில் பட்டா நிலத்தில் முளைத்த சந்தனமும் அரசுக்கே சொந்தம் என்று இருந்தது. அதனால் முளைத்த கன்றைப் பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. 2002-ல் தமிழ்நாடு வனச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் நிலம் வைத்திருப்பவருக்கு மரத்தின் மீது உரிமை வந்தது. பட்டா நிலச் சந்தன மரங்களுக்கான விதிகள் 2008-ல் வந்தன. வளர்க்கத் தடை இல்லை. ஆனால் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான் நடக்க வேண்டும். காய்ந்து விழுந்த மரத்தைக்கூடத் தானாக அறுத்து எடுத்துப்போகக் கூடாது. நட்ட ஆண்டிலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, எந்தச் சர்வே எண்ணில் எத்தனை மரம் என்று அடங்கலில் பதியச் செய்யுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அடங்கல் எழுதும்போது அது தொடர்கிறதா என்று பார்த்து, நகல் ஒன்றை வாங்கிப் பட்டாவோடு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் காலத்தில் வனச்சரக அலுவலகத்தில் முதலில் கேட்கும் காகிதங்களில் அதுவும் ஒன்று.