பாகின் பதமும் பிள்ளையின் மருந்தும்

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிறவர் கடிகாரம் பார்ப்பதில்லை. வெல்லத்துக்கு வெல்லம் கொதி மாறும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துத்தான் தீயைக் கூட்டுவார், குறைப்பார். கழுகுமலைப் பக்கம் இது தெரியாத வீடு இருக்காது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும் இன்று இப்படிப் பதம் பார்த்தே வைத்தியம் நடக்கிறது.

1980களில் அடையாறு, மும்பை, டெல்லி மருத்துவமனைகள் எம்.சி.பி.-841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றின. அதுவே பல பிள்ளைகளை மீட்டது. இப்போது முதல் ஏழு நாள் ஸ்டீராய்டு கொடுத்து, எட்டாம் நாள் ரத்தத்தில் புற்றணு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். முதல் கட்டம் முடிந்ததும் எலும்பு மஜ்ஜையில் பத்தாயிரம் அணுவில் ஒன்று புற்றணுவானாலும் பிடித்துவிடுகிறார்கள். புற்றணுவில் பிலடெல்பியா குரோமோசோம் என்ற மரபணு மாற்றம் இருந்தால் இமாடினிப் மருந்து சேரும்.

எந்தத் தீ சரி என்று டாக்டர்களுக்கே தெரியாத இடமும் உண்டு. மருத்துவச் சோதனை அதற்குத்தான். அடையாறு புற்றுநோய் நிலையமும் பங்கேற்ற ‘ஐசிக்கிள்-14’ சோதனையில் ஒரு கேள்வி: ஆபத்து குறைந்த சிறு பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு ஐந்து வாரம் வேண்டுமா, மூன்று போதுமா? நாள் கூடினால் எதிர்ப்புச் சக்தி குறைந்து, கிருமித் தொற்றே உயிரைப் பறிக்கலாம். குறைத்தால் நோய் திரும்புமோ என்ற பயம். ஒரே பதத்துப் பாகை இரண்டு சட்டியில் ஊற்றித் தீயை மட்டும் மாற்றுவதுபோல, ஒத்த நிலையிலுள்ள பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். டாக்டரே பிரித்தால், இரக்கத்தில் மெலிந்த பிள்ளைகளையெல்லாம் மூன்று வாரத்தில் சேர்த்துவிடுவார். அப்புறம் முடிவு மருந்தால் வந்ததா, உடல்வாகால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

பாகு முறிந்தால் வேறு வெல்லம் போடலாம். பிள்ளைக்கு அது ஆகாது. அதனால்தான் இரண்டு பக்கமும் முழு வைத்தியம் உண்டு, வெறும் கையோடு யாரையும் விடுவதில்லை. நடுவிலேயே கணக்குப் பார்த்து, ஒரு பக்கம் கெடுதல் தெரிந்தால் நிறுத்தச் சொல்லத் தனிக்குழு இருக்கும். “எங்க பிள்ளைய வச்சா சோதிக்கிறீங்க?” என்று கையெழுத்துப் போடுமுன் பதறும் தாய்தகப்பன் இதையெல்லாம் தயங்காமல் கேட்கலாம். மாட்டோம் என்றாலும், பாதியில் விலகினாலும், வழக்கமான வைத்தியம் நிற்காது. ஏழு வயதான பிள்ளையிடமும் புரியும்படி சொல்லி வாய்மொழிச் சம்மதம் கேட்க வேண்டும், 12 வயதுக்கு மேல் எழுத்தில் வாங்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நெறிமுறை.